கே. பெரியசாமி, இருபத்தைந்து முறை

1

இங்கிலாந்தில் என் பெயர் பெரியசாமி. ஊரில் நான் குமரேசன். பள்ளிக்கூடத்திலும் பாலிடெக்னிக்கிலும் பி. குமரேசன். அந்தப் 'பி' என் அப்பா பெரியசாமி. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். லீட்ஸ் நகரத்தில் வந்து இறங்கியதும் விரித்த இனிஷியல் குடும்பப் பெயராகி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது, என் சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. பதினேழு வருடமாக மின்சார ரசீதிலும், பல் டாக்டர் கார்டிலும், வேலை செய்கிற பஸ் டிப்போவின் சம்பளச் சீட்டிலும் நான் கே. பெரியசாமி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என் தாத்தா பெயர் கந்தசாமி. ஆகவே எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் ரேஷன் கார்டு தொடங்கி டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் என் அப்பாவும் கே. பெரியசாமிதான். ஒரு படிவத்தின் புண்ணியத்தில், எழுத்துப் பிசகாமல் நான் என் அப்பாவாகிவிட்டேன். இத்தனை நாள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தேன். போன மாதம் இந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒரு வேலை செய்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

எங்கள் தெரு முனையில் ஒரு சர்ச் இருக்கிறது. அதன் பக்கத்துக் கூடத்தில் சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்த தானம் நடக்கும். ஏழெட்டுப் படுக்கை நாற்காலிகள், ஒரு திரை, ஒரு மேஜை நிறைய பிஸ்கட், ஆரஞ்சுச் சாறு கலந்த தண்ணீர். யாரும் மைக் பிடிப்பதில்லை. போய் உட்கார்ந்தால் பெயரைக் கூப்பிடுவார்கள்.

முதல் தடவை போனபோது நர்ஸ் வெளியே வந்து "பெரியசாமி?" என்று கேட்டார். நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அப்பா எதற்கு இங்கே வந்தார் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். அவர் மறுபடி கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

உள்ளே ஒரு கேள்வி கேட்டார். சமீபத்தில் வெளிநாடு ஏதாவது போயிருந்தீர்களா? இல்லவே இல்லை என்றேன். எடை பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார், எல்லாம் சரி. கடைசியில் என் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்து அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்றார். போன மாதம் ஊருக்குப் போனபோது கட்டிவிட்டது என்றேன். அவர் பேனாவை மூடினார். இந்தியா வெளிநாடு இல்லையா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பொய் சொல்லவில்லை. ஊருக்குப் போவதை வெளிநாட்டுப் பயணமாக யார் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்? அவர்கள் வைத்திருந்தார்கள். மலேரியா இருக்கிற இடத்திலிருந்து வந்தால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றைக்குக் கோபமாகத்தான் இருந்தது. பிறந்த ஊருக்குப் போய் வந்ததற்கு ரத்தத்தையே தள்ளி வைக்கிறார்களே என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். என் மனைவி, வாங்குகிறவர் உடம்பைப் பார்ப்பார்களா உன் மனசைப் பார்ப்பார்களா என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. அதன் பிறகு ஊருக்குப் போய் வந்த தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, நான்கு மாதம் எண்ணிப் போய் நிற்பேன். ஒவ்வொரு முறையும் சில நாள் கழித்து போனுக்கு ஒரு செய்தி வரும். உங்கள் ரத்தம் இன்ன ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்று. ஆளின் பெயர் இருக்காது. அந்தச் செய்தியை நான் அழிப்பதில்லை.

3

நான் எதற்கு இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று என் மகள் இனியா ஒரு தடவை கேட்டாள். பொதுவாக ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய தாத்தாவைச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. என் அக்கா தனத்துக்குத் தலைப்பிரசவம். மாமா, அவள் புருஷன், ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ் இரண்டு பை வேண்டும், ஒன்றுதான் கைவசம் இருக்கிறது, இன்னொன்றுக்கு உடனே ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். மத்தியானம் மூன்று மணி.

அம்மா கையை நீட்டினாள். உங்களுக்கே ரத்தம் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள். நான் நீட்டினேன், வயது பத்தாது என்றார்கள். சித்தப்பா தனக்குச் சர்க்கரை என்றார். பெரியப்பா மகன் வண்டிக்கு டீசல் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் இன்னும் டீசல் போட்டு முடிக்கவில்லை. மிச்சம் இருந்தது அப்பா. அவருக்கு ஓ பாசிட்டிவ் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா நேஷனல் பெர்மிட் லாரி டிரைவர். அஸ்ஸாம் வரைக்கும் தனியாக வண்டி எடுத்துப் போனவர். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லோடு வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, இறங்கி பீடி பற்றவைத்தவர் என்று பட்டறையில் சொல்வார்கள். அந்த மனிதர் ரத்தம் எடுக்கிற அறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"கை நடுங்கீரும் சாமி. அப்பறம் ஸ்டேரிங் புடிக்க முடியாது."

டிரைவர்கள் நடுவில் அப்படி ஒரு பேச்சு அப்போது இருந்தது. ரத்தம் கொடுத்தவனுக்குக் கையில் பிடி விட்டுப் போகும், லோடு வண்டியைத் திருப்ப முடியாது என்று. கொடுத்துக் கெட்டவன் என்று ஒருத்தனையாவது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவின் கைதான் எங்கள் வீட்டுக்கே சோறு. அவர் சாக்குச் சொல்லவில்லை, பயந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவரை வெறுத்தேன்.

எதிர்ப் பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. யாரையோ பார்க்கச் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு வந்தவர், தறிக்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போசியை அம்மாவிடம் கொடுத்தார்.

"ஓ தானுங்களே? எனக்கும் அதேதானுங்க. முன்னாடியே ரெண்டு தடவ குடுத்திருக்கறேன். இதைக் கொஞ்சம் வச்சிருங்க, வாரேன்."

உள்ளே போனார். வெளியே வந்து, போசியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார். நாங்கள் அக்காவின் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில், பெயரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

மறுநாள் அக்கா கண் விழித்தாள். உங்கப்பன்தான் ரத்தம் குடுத்தாரு என்று அம்மா சொன்னாள். ஏன் சொன்னாளோ, புருஷனைக் காப்பாற்றத்தான் இருக்கும். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

4

ஒரு மாதம் கழித்து அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் எடுத்த அறையில் நோட்டைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான்தான் படித்தேன். ஓ. ஆறுமுகம், எடப்பாடி.

அடுத்த லோடுக்கு முந்தின நாள் இருவரும் எடப்பாடி போனோம். ஒரு தார் வாழைப்பழம், ஒரு வேட்டி, துண்டு. தெருத்தெருவாகத் தறிச் சத்தம். கத்திக் கத்தித்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. ஓ இனிஷியல் ஆறுமுகம் எந்த ஊடுங்க, ஓ இனிஷியல் ஆறுமுகம் எந்த ஊடுங்க என்று அப்பா கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒருவர், ஓபுளி மகன் ஆறுமுகமா என்று கேட்டு ஒரு வீட்டைக் காட்டினார். குண்டான மனிதர், பலசரக்குக் கடை வைத்திருந்தார். அன்றைக்குத் தலைகுனிந்து நின்றதில் அப்பா அந்த ஒல்லி மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை; இவர் அவர் இல்லை என்று நான் சொல்வதற்குள் வேட்டியைக் கையில் கொடுத்துக் கும்பிட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பழத்தையும் வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, அப்புறமாக எதுக்குங்க இதெல்லாம் என்று கேட்டார். ரத்தம் என்று அப்பா சொன்னதும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். அய்யோ, எனக்கு ஊசின்னாலே ஆவாதுங்க என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. ஓ இனிஷியல் இல்லை, குரூப். பக்கத்தில் போட்டிருந்த கூட்டல் குறி மை பரவிப் புள்ளியாகிவிட்டது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தும் புள்ளியும் இருந்தால் அது அப்பன் பெயர் என்றுதானே கண் படிக்கும். அப்பாவிடம் சொன்னேன். பஸ் சங்ககிரியைத் தாண்டியது. பிறகு கேட்டார்:

"அப்ப அவரோட இனிஷியலே நமக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். எடப்பாடியில் ஆறுமுகம் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகு அப்பா இந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தெரிந்தவரை ஓடிப் பிடித்து ரத்தம் கேட்கிற ஊரில் என்ன நடக்கும் என்பதை நான் அந்தப் பெஞ்சில் பார்த்துவிட்டேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, உள்ளே ஒரு உயிர் காத்துக் கிடக்கும். கழன்றுகொண்டவர்களும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். முன்பின் தெரியாத யாரோ முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தால் அப்பாவுக்கு அந்தச் சோதனையே வந்திருக்காது. நான் இங்கே சர்ச் கூடத்தில் போய்ப் படுப்பது அதற்காகத்தான். எங்கேயோ ஒரு அப்பன் வராந்தாவில் நின்று தலைகுனிய வேண்டாம் என்று.

5

இந்த வருடம் தை மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது தபாலில் ஒரு சான்றிதழ் கிடந்தது. கே. பெரியசாமி, இருபத்தைந்து முறை ரத்தம் கொடுத்தமைக்கு நன்றி. பெருமையாக இருந்தது, மறைப்பானேன். படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் மாட்டி, அப்பா வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டுவிட்டாள்.

போன மாதம் எங்கள் ஊர் நெடுஞ்சாலையோரத்து லாரி பட்டறைப் பையன்கள் கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம் வைப்பதாக, வீடு வீடாக அழைக்க வந்திருக்கிறார்கள். அப்பா வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். இங்கிலீஷில் கே. பெரியசாமி, இருபத்தைந்து. அப்பா, பையன் அனுப்பினதுங்க என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் சட்டத்தைத்தான் பையன் அனுப்பினான் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. இருபத்தைந்து முறை குருதிக்கொடை அளித்த மூத்த ஓட்டுநர் கே. பெரியசாமி அவர்கள் தலைமையில்.

அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, இருந்துட்டுப் போகட்டும் தம்பி, எனக்குக் குடுத்தாரே, அந்த ஒண்ணு போதாதா என்றாள். நான் அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம். நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டீட்டாங்க, என்ன பண்றது என்றார். நான் தைரியசாலி இல்லை. நல்ல காரியத்துக்குத்தானே அப்பா, பேசாமல் போய் உட்கார்ந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு வாருங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"உனக்குத் தெரியுமில்ல சாமி" என்றார். வைத்துவிட்டார்.

6

முகாமில் நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். எழுபத்தைந்து வயதில் அப்பா முதல் முறையாக மைக் பிடிக்கிறார். நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு உட்காருவார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

"இருவத்தஞ்சு தடவ குடுத்த பெரியசாமி நானில்லீங்க. அது என்ற பையன். சீமையில என்ற பேருதானுங்க அவனுக்கும். நான் ஒருக்காக்கூட குடுத்ததில்லீங்க. என்ற புள்ள பிரசவத்துல கெடந்தப்பக்கூட, கை நடுங்கும், வண்டி ஓட்ட முடியாதுன்னு பயந்து நின்னுட்டனுங்க. எடப்பாடிக்காரர் ஒருத்தருங்க, ஆறுமுகம்னு பேரு. அவருதான் குடுத்தாரு. இனிசியல் தெரியலீங்க."

பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அக்கா எழுந்து நேராகத் திரைக்குப் பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ரத்தம் கம்மிங்க அக்கா, சத்து மாத்திரை தாறோம், சாப்பிட்டுட்டு அடுத்த தடவ வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோவத்துக்கு ஒடம்புல ரத்தம் பொங்கியிருக்கும்னு நெனச்சேன் தம்பி, இல்லீங்கறாங்க என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள்.

அவள் அப்பாவைவிட என் மேல்தான் அதிகக் கோபப்பட்டாள். "இத்தன வருசம் எனக்கு உசுரு குடுத்தவர மனசுல நெனச்சு ஒரு நாள்கூட கும்புடாம உட்டுட்டேன். நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அதன் பிறகு ஒரு வாரம் நான் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவளே கூப்பிட்டு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னாள். அப்பாவுக்கு வழக்கம்போல மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாளாம், முதல் நாலு நாள் மட்டும் பேசாமல்.

முகாமில் அன்று எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். ஆனால் ஸ்டேரிங் பிடிக்கிற நாலைந்து பேர் அப்பாவைச் சுற்றி நின்று, கை நடுங்குமா நடுங்காதா என்று அவரிடமே சந்தேகம் கேட்டார்களாம். நடுங்காதாமப்பா, என்ற பையன் இருவத்தஞ்சு தடவ குடுத்துப்போட்டு பஸ்ஸுக்கு நட்டு முறுக்கறான் என்று சொல்லியிருக்கிறார். ஊருக்கு நான் இஞ்சினியர், அப்பாவுக்கு நட்டு முறுக்குகிறவன். அது போகட்டும்.

7

இனியாவைப் பற்றிச் சொல்லவில்லை. பதினேழு முடிந்துவிட்டது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். தாத்தாவோடு பேச்சு, சாப்டியா சாமி, சாப்டேன் தாத்தா என்பதோடு முடிந்து போன் என் கைக்கு வந்துவிடும். சிநேகிதிகள் அவளைப் 'பெரி' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு மனிதரின் முழுப் பெயரை நான் எதற்குச் சுமக்க வேண்டும், பதினெட்டு ஆனதும் மாற்றிக்கொள்ளலாமா என்று போன வருடம் கேட்டாள். உன் இஷ்டம் என்று சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு நாள் மனசு சரியில்லை.

முகாம் முடிந்த வாரம் அடுப்படியில் வைத்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பெஞ்ச், வாழைத்தார், மைக், எல்லாம். அவள் போனைக் கையில் எடுக்கவே இல்லை. முடித்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில், சனிக்கிழமைக்கு நம் இரண்டு பேருக்கும் சர்ச் கூடத்தில் நேரம் வாங்கிவிட்டேன் என்றாள். அவள் இந்தத் தடவை ஊருக்கு வரவில்லை, பரீட்சை. எனக்கு நான்கு மாதமும் முடிந்திருந்தது.

சனிக்கிழமை போனோம். சின்ன வயதுப் பெண் என்பதால் அவளுடைய உயரம், எடை எல்லாம் துருவிக் கேட்டார்கள். நர்ஸ் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "பெரியசாமி?" என்றார். இருவரும் எழுந்தோம். எந்தப் பெரியசாமி என்று அவர் தாளைப் பார்ப்பதற்குள் இனியா முன்னால் நடந்துவிட்டாள்.

பிஸ்கட் மேஜையில் உட்கார்ந்துதான் வீடியோ அழைப்பில் அப்பாவைப் பிடித்தோம். அங்கே சாயங்காலம், நல்ல வெளிச்சம். அவள் போனை என்னிடம் தரவில்லை. தாத்தா, உங்க பேரைக் கூப்ட்டாங்க, நான் போனேன் என்றாள். முழுக்கத் தமிழில். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டியதும் விளங்கியது. முகத்தைப் போனுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கை நடுங்குதா சாமி?"

இனியா ஐந்து விரலையும் விரித்துக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். அசையவில்லை. அப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். ஸ்டேரிங் பிடித்துத் தேய்ந்த கை. வயசாகிவிட்டது, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பாரு கண்ணு," என்றார், "என்ற கை குடுக்காமயே நடுங்குது."